இடப்பக்கத் தாளக்காரன்

மணி பத்து ஐந்து. பதினோரு மணிக்கு வந்து சாமானைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஸ்பீக்கர் ரிப்பேர் கடை மருதாசலம் நேற்றுப் போனில் சொல்லியிருந்தான். சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள்தான், அதில் குறை சொல்ல முடியாது, குறையெல்லாம் அவன் விற்ற சாமானில் என்று நினைத்தபடி நஞ்சப்பன் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து எதிரே நின்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பெட்டி ஆறடி. சுவரிலிருந்து ஒன்றரை அடி. நாற்காலிக்கும் இடது பெட்டிக்கும் ஏழரை அடி, வலது பெட்டிக்கும் அதே ஏழரை அடி. டேப் பிடித்து அளந்து தரையில் சாக்பீஸால் குறி போட்டிருந்தார். மயிலாத்தாள் கூட்டித் துடைத்து அழிக்கிற ஒவ்வொரு தடவையும் மறுபடி போட்டிருந்தார், இதுவரை பதினேழு தடவை. இரண்டு பக்கத்துக்கும் ஒயர் ஒரே நீளம், ஒரு அங்குலம் கூடக் குறைச்சல் இல்லை. இத்தனை அளந்தும் என்ன பிரயோசனம், பாட்டில் இடது பக்கம் கேட்க வேண்டிய தாளக்காரன் வரவில்லை. நாலு வருஷம். மூடிப்போன ஐஸ்கிரீம் கடையில் ஆம்பிளிஃபையர், திருப்பூரில் மகள் வேண்டாமென்று ஒதுக்கிய சிடி பிளேயர், கல்யாண மண்டபத்தில் கழித்துப்போட்ட, அடிச் சத்தத்துக்கான எட்டு அங்குல வூஃபர் இரண்டு, அதற்குப் புதுக் காகிதம் ஒட்டி வாங்கினது மருதாசலத்திடம், மெல்லிசுச் சத்தத்துக்கான ட்வீட்டர் இரண்டு மட்டும் புதுசு, அதுவும் அவனிடம். உள்ளே திணிக்கக் கம்பளி விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுப்பானேன் என்று மில்லில் கூட வேலை பார்த்தவனிடம் கழிவுப் பஞ்சு ஒரு மூட்டை கேட்டு வாங்கி, இரண்டு பெட்டிக்கும் தராசில் நிறுத்துச் சமமாகத் திணித்தார். பலகை மட்டும் வீட்டுப் பலகை. தேக்கு. மயிலாத்தாளின் சீர் அலமாரி. கேட்டுவிட்டுத்தான் பிரித்தார், கேட்காமல் பிரிக்கவில்லை. பழசாகிக் கிடக்கிறதே எடுத்துக்கொள்ளட்டுமா என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டார், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே வழக்கம்போல வாய்க்குள் ஏதோ முனகினாள், சரி என்று எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா. எட்டு வருஷமாக அவளுக்கு இதே பழக்கம். ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிற புருஷனிடம் நாலு வார்த்தை தெளிவாகப் பேசக் கூடாது என்று ஒரு வைராக்கியம். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணியே பார்த்தார். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை அவரிடம் வாய் திறந்தது பன்னிரண்டு தடவை, அதில் காதில் விழுகிற மாதிரிச் சொன்னது மூன்று. தங்கச்சியோடு போனில் பேசும்போது மட்டும் தோள் குலுங்கச் சிரிப்பு வரும். வரட்டும். யார் சிரித்தால் என்ன.

மணி பத்து பதினொன்று. வந்தவன் இங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் அரை மணி நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்றுப் போனில் பேசியபோது முகம் இல்லை, அதனால் பேச முடிந்தது. மூன்றாவது தடவையாக ஏமாற்றப் பார்க்கிறாயா, மில் சங்கத்தில் சொல்லி உன் கடைக்கு ஒருத்தன் வராமல் பண்ணுகிறேன் என்றெல்லாம் வந்துவிட்டது, அத்தனையும் தான்தான் பேசினோமா என்று பிறகு அவருக்கே ஆச்சரியம். சத்தமாகப் பேசினதாகத் தோன்றவில்லை. ஆனால் மயிலாத்தாள் எழுந்து வந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். முகத்துக்கு நேரே அதைத் திருப்பிச் சொல்லத் தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் மில்லில் ஃபிட்டர். ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அங்கே பேச்சுக்கு வேலையும் இல்லை, சத்தத்தில் எல்லாருக்கும் கைச்சாடைதான். ஆகவே தானே கழற்றி, துடைத்து, தினத்தாளில் வரிசையாக வைத்துவிட்டால் வாசலிலேயே கணக்கை முடித்துவிடலாம். எழுந்து, நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து இடது பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாலு ஸ்க்ரூ. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எடுத்த வரிசையிலேயே தாளில் வைத்தார், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளைக்கே போக வேண்டும். ட்வீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கிற்று. ஒரு முனையில் கறுப்பு ஒயர். மறு முனையில் சிவப்பு ஒயர், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக் கெப்பாசிட்டர். முதல் நாள் மருதாசலம் அதைக் காட்டி, இது வாசல்ல நிக்கற காவக்காரனுங்ணா, மெல்லிசுச் சத்தத்தை மட்டுந்தான் உள்ள விடுவான், இவன் இல்லீன்னா ட்வீட்டருக்கு ஒண்ணும் போகாதுங் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். நல்லாத்தான் பேசுவான். முகத்தை நேரே பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. வயசுக்கு மரியாதை தெரிந்தவன் என்று அப்போது நினைத்திருந்தார். ட்வீட்டரைத் திருப்பினார். தகரச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி.

இரும்பு பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்த புள்ளி, சந்தேகமே இல்லை, அவர் அடித்ததுதான். வெளி வேலைக்குப் போகிற எந்தச் சாமானுக்கும் குறி அடிக்காமல் அனுப்பக் கூடாது, இல்லாவிட்டால் வேறு சாமான் வந்து நிற்கும் என்பது ஃபிட்டருக்கு முதல் பாடம். தை மாதம் முதல் தடவை திருப்பிக் கொடுத்தபோது இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு என்று அடித்துத்தான் கொடுத்தார். கொடுத்த பிறகு பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றால், இரண்டு தடவையும் மருதாசலம் தானே வீட்டுக்கு வந்து பொருத்தினான், இன்னொரு தொழில்காரன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கையைப் பார்ப்பது மரியாதை இல்லை, மில்லில் அதைச் செய்கிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஆகவே அவர் எழுந்து காபி சொல்லப் போய்விட்டார். அந்த மரியாதைக்குத்தான் இந்தக் கூலி. கை பரபரக்க வலது பெட்டியையும் திறந்தார். நாலு ஸ்க்ரூ. இரண்டு புள்ளி. அதே இரண்டு. அவன் ஒன்றையுமே மாற்றவில்லை. கொண்டு போனதை அப்படியே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் புதுசு என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறான், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நஞ்சப்பன் புள்ளியை விரலால் தடவினார். கோபம் என்று சொல்ல முடியாது, சந்தோஷத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. அகப்பட்டுக்கொண்டாயா. வரட்டும் பதினோரு மணி. ஒரு வார்த்தை பேச வேண்டாம், இந்தப் புள்ளியை மட்டும் காட்டினால் போதும், முகம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். இதை இப்படித் திருப்பி, இப்படி நீட்டி, இதென்ன மருதாசலம் என்று மட்டும் கேட்கலாம், அதுகூட வேண்டாம், சும்மா நீட்டினால் போதும். நீட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்த வார்த்தை வந்து தடுக்கிற்று. மருதாசலம் முதல் தடவை மாற்றிவிட்டு, எப்படீங்ணா இருக்குது என்று கேட்டபோது இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னாரே, ‘ம், இப்பத்தான் தெளிவா இருக்குது. புதுசு புதுசுதான்.’

சொன்னார். மாற்றாத சாமானுக்குச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்போது கேட்டது; கேட்டதென்றால் கேட்டது மாதிரி இருந்தது. மாற்றியிருக்கிறான், ஆகவே கேட்கும் என்று இருந்தது. ஒரு வாரம் கழிந்து, கேட்கவில்லை என்று ஆயிற்று. இரண்டாவது தடவையும் அதே கதை, அதே தெளிவா இருக்குது. அப்படியானால் அவன் என்ன நினைத்திருப்பான். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், சாமான் கெட்டது, கெட்ட சாமானைத் திருப்பி மாட்டினான், கதை அவ்வளவுதான். கெட்டதென்று ருசுப்படுத்தினால் போயிற்று. மணி பத்து முப்பது, நேரம் இருக்கிறது. ஒற்றைப் புள்ளி போட்ட ட்வீட்டரைக் கெப்பாசிட்டரோடு தனியாகக் கழற்றி, ஆம்பிளிஃபையரிலிருந்து வேறு ஒயர் இழுத்து மாட்டினார். நாதஸ்வர சிடி சுற்ற ஆரம்பித்தது. வூஃபர் எதற்கும் ஒயர் இல்லை, ட்வீட்டர் மட்டும் கையில். ஒன்றும் இல்லை. சத்தக் குமிழை, கடிகார முள் மாதிரி, ஒன்பது மணிக் கோட்டிலிருந்து பத்துக்குத் திருப்பினார். ஒன்றும் இல்லை. செத்த சாமான், பார்த்தாயா. பதினொன்று. பன்னிரண்டு. ஸ்க்ரூடிரைவரின் நுனியை ட்வீட்டரின் முதுகிலுள்ள காந்தத்தில் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தினார். இப்படித்தான், இதே ஸ்க்ரூடிரைவர்தான். ஓடுகிற மிஷினில் எந்தப் பேரிங் பேசுகிறது என்று கண்டுபிடிக்க மானேஜர் வரைக்கும் நஞ்சப்பனைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை பார்த்தபோது அவர் ஒரு நாள் அடைத்தது கிடையாது. காது அவருக்கு ஆயுதம், ஆயுதத்துக்கு யாராவது உறை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவார்களா. அந்தக் காதால்தான் ஒரு நாள் மானேஜர் பங்களாவில் பம்பு ரிப்பேருக்குப் போன இடத்தில் அதைக் கேட்டார். வராந்தாவில் கையில் ஸ்பேனரோடு நின்றார். உள்ளே நாதஸ்வரம், அதற்கு இடது பக்கம், ஜன்னலோரம், தனியாக ஒரு ஆள் உட்கார்ந்து தாளம் தட்டினான். அந்த வெண்கலச் சத்தம் அங்கே கிளம்பி, அங்கேயே நின்று, மெலிந்து, திரைச்சீலைக்குள் போய் மறைந்தது. யாரென்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை, திரைச்சீலைதான். வேலை முடிஞ்சா போகலாமே என்று மானேஜர் வீட்டு அம்மா சொல்லி, டிரைவர் சிரித்து, அவர் காது மடல் சுட வெளியே வந்து, சைக்கிள் மிதித்து, முப்பத்திரண்டு வருஷம். அந்த ஆளை ஒரு நாள் தன் வீட்டு ஜன்னலோரம் கொண்டுவந்து உட்காரவைக்கத்தான் இத்தனையும். எலும்பில் பிடி அழுந்தி வலித்தது. ஒன்றும் இல்லை. குமிழை மூன்று மணிக் கோட்டுக்குத் திருப்பினார்.

அடுப்படி வாசலில் மயிலாத்தாள் வந்து நின்றாள். கை முழுக்க மாவு, ஆகவே இரண்டு மணிக்கட்டாலும் காதைப் பொத்தியிருந்தாள். முகம் சுருங்கிக் கண் இடுங்கியிருந்தது. வாய் அசைந்தது. என்ன என்றார். மறுபடி அசைந்தது. என்னன்னு வாயைத் தொறந்து சொல்லு என்றார். அவள் அறையைத் தாண்டி வந்து, அவர் பக்கத்தில் குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

‘காதுல ஊசி குத்தற மாதிரி இருக்குது. நிறுத்துங்.’

ஊசி. அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். அது ஒரு தகர மூடி மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. நிறுத்தினார், அவள் மணிக்கட்டை இறக்கினாள். எதற்கோ அவருக்கு மறுபடி குமிழைத் திருப்ப வேண்டும் போலிருந்தது, திருப்பினார். அவள் மணிக்கட்டு உடனே ஏறிற்று. இறக்கினார், இறங்கிற்று. மூன்றாம் தடவை திருப்பவில்லை. மிஷினைச் சோதிக்கிற விதம் அதுதான், ஒரு தடவை தற்செயல், இரண்டு தடவை என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் கொஞ்சமாவது இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அவள் போன பிறகு அவர் தன் காதின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். எட்டு வருஷமா. எட்டுதானா. கூட்டினால் அதற்கும் பின்னால் போகிறது, போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும், போகிறது. ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம், பதினாலாம் நம்பர் மிஷின். பேரிங் சந்தேகமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்தார். ஒரு பேச்சும் இல்லை, நல்லாயிருக்கு ஓட்டுங்க என்றார். நாலாம் நாள் பேரிங் இறுகி, பெல்ட் கருகி, ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கிரீஸை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, மணல் இருக்குது என்றார். அவர் சொன்னால் யார் மறுப்பது. கலப்படக் கிரீஸ் வாங்கினதாக ஸ்டோர்கீப்பர் தேவசகாயத்துக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன், அதற்கப்புறம் கேட்டில் வேலை, ரிட்டயர் ஆகிற வரை. விரலில் மணல் இருந்ததா. இருந்தது மாதிரி இருந்தது. ட்வீட்டர் தெளிவாக இருந்தது மாதிரி. பேரிங் நல்லாயிருந்தது மாதிரி. தேவசகாயம் சந்தையில் எதிரே வந்தால் இன்றைக்கும் வழியை மாற்றிக்கொண்டு போகிறார், திருட்டுப் புத்திக்காரனுக்கு வெட்கம் இருக்காதா என்று இவர் ஒவ்வொரு தடவையும் நினைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும். அந்தத் தடவைகளை எண்ணி வைக்கவில்லை. மயிலாத்தாள் ஒரு நாளில் வாய் திறந்தது பன்னிரண்டு என்று எண்ணினாரே, அது பன்னிரண்டு இல்லை. அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னவெல்லாம் பேசினாளோ, அதில் எத்தனை கேள்வியோ, எதற்கெல்லாம் இவர் ம் கொட்டினாரோ. ஒரு கட்டத்தில் அவளே நிறுத்தியிருப்பாள், சுவரோடு எத்தனை நாள் பேசுவது. தேக்குப் பலகையைத் தடவினார். வழவழவென்று இருந்தது, மூன்று தடவை அடித்த பாலிஷ். அன்றைக்கு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னது சரி என்பதாகவா இருக்கும். உதடு எப்படி அசைந்தது. நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். சரி என்றால் உதடு ஒட்டாது. ஒட்டினது மாதிரி இருந்தது. வேண்டாம் என்றால் கடைசியில் ஒட்டும். இல்லை, ஒட்டவில்லை. ஒட்டிற்று. அதன் பிறகு இரண்டு நாள் அவள் முன்னறைக்கு வரவில்லை, தச்சுத் தூசி ஆகாது போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். போய்க் கேட்கலாம். என்ன சொன்னாய் என்று இப்போது போய்க் கேட்டால் அவள் பதில் சொல்வாள், அந்தப் பதிலும் காதில் விழாது.

பத்து ஐம்பது. மருதாசலத்துக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்திப் பேசினது வயசுக்கு மரியாதை இல்லை. பழுது சாமானில் இல்லை என்று தெரிந்து, அதை ஒரு கிழவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கொண்டு போய்க் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். போனில் அத்தனை கேட்டும், உங்க காதைக் கொஞ்சம் காட்டுங்ணா என்று ஒரு வார்த்தை வரவில்லையே அவன் வாயில். வந்திருந்தால் தேவலை. திருடன் என்றால் திருடனாகவே இருந்து தொலைத்திருக்கலாமே. இரக்கப்படுகிறவனை என்ன செய்வது. இந்தப் புள்ளியை இனி யாரிடம் நீட்டுவது. காட்டினால் அவன் மாற்றவில்லை என்பது ருசு, மாற்றாததற்கு நல்லா இருக்குது என்று இவர் சொன்னதும் கூடவே ருசு. சங்கத்தில் வேறு சொல்வேன் என்று கத்தியாயிற்று. ஜன்னலைச் சாத்தினாளே, அப்படியானால் தெருவுக்கே கேட்டிருக்கும். வலது ட்வீட்டரை எடுத்து ஒயர் மாட்டிக் குழியில் வைத்து முடுக்கினார். நாலு. ஸ்க்ரூ ஒன்று பிசகிற்று, எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். இடது. வாசலில் வெளிச்சம் மறைந்தது. மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனாள், ஸ்கூட்டர் வந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவசரமாகக் கறுப்பு ஒயரைச் சொருகிக் குழியில் அமுக்கி முடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டு பெட்டிக்கும் எட்டு. எட்டும் ஏறிவிட்டது, வந்த துளைக்கே ஏறிவிட்டது. ஆம்பிளிஃபையரின் பின்னால் ஒயர்களைச் சொருகி, சிடியை முதலிலிருந்து ஓடவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கேட்டருகே மயிலாத்தாள் ஏதோ சொன்னாள், மருதாசலம் சிரித்தான், அவளும் சிரித்தாள். பிறகு அவன் உள்ளே வந்து, தோளிலிருந்த பையை இறக்கி வைத்து, அவர் முகத்துக்கு நேரே நின்றான். ஐம்பது வயசிருக்கும், கன்னத்தில் பற்றவைக்கிற ஈயம் தெறித்த பழைய தழும்பு. உதட்டை நன்றாக விரித்துப் பேசினான்.

‘கழட்டிரலாமுங்களா ணா?’

‘வேண்டாம்’ என்றார் நஞ்சப்பன். சத்தம் அதிகமோ என்று தோன்றிக் குறைத்துக்கொண்டார். குறைத்தது போதுமா என்று தெரியவில்லை. ‘காலையில இருந்து கேட்டுட்டிருக்கறேன். இப்ப வந்திருச்சு.’

‘வந்திருச்சுங்களா.’

‘நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன்.’

அதெல்லாம் விடுங்ணா என்பதுபோல மருதாசலம் கையை அசைத்தான். தலையைச் சாய்த்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று கேட்டான். நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, தவிலும் அடியில் அதிர்ந்தது, அது மட்டும் நஞ்சப்பனுக்கும் நெஞ்சில் தெரிந்தது. மருதாசலத்தின் புருவம் லேசாக ஏறிற்று. வலது பெட்டியைப் பார்த்தான். இடதைப் பார்த்தான். அந்தப் பார்வை எதையோ தேடுகிறது என்று பட்டதும் நஞ்சப்பனுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்த இடம் அது, விரல் தவறாமல் போயிற்று, இடது பெட்டிக்கும் வெளியே இரண்டடி தள்ளி, ஜன்னலோரம்.

‘அங்க பாரு மருதாசலம். தாளக்காரன் அங்க உக்காந்திருக்கறான்.’

மருதாசலம் விரல் போன இடத்தைப் பார்த்தான். அங்கிருந்து அவன் கண் இறங்கி, தரையில் விரித்திருந்த தினத்தாளில் வந்து நின்றது. நஞ்சப்பனும் பார்த்தார். தாளின் நடுவில், சிவப்பு ஒயர்த் துண்டோடு, கட்டைவிரல் நகம் அளவுக்கு, இடது பெட்டிக்குள் போகாத கெப்பாசிட்டர் கிடந்தது. எட்டு ஸ்க்ரூவை எண்ணினார். அதை எண்ணவில்லை.

‘ஆமாங்ணா’ என்றான் மருதாசலம், ஒவ்வொரு சொல்லாக, முகத்துக்கு நேரே. ‘அங்கதான் உக்காந்திருக்கறாப்ல. தெளிவா இருக்குதுங்.’

மயிலாத்தாள் காபி கொண்டுவந்தாள். வாங்கிக்கொள்ளக் குனிகிறவன் போல அவன் குனிந்து, தினத்தாளின் ஓரத்தை எடுத்து அதன்மேல் மடித்து மூடினான். பிறகு மூன்று பேரும், அந்தப் பாட்டு ஓடி முடிகிற வரை, ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.